‘அடுத்த வாரம் வந்துடும் சார்’

கேள்வி: மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ல் முடியும், அதற்குள் வேண்டும் என்று சொல்லித்தான் மார்ச்சில் லோடு வண்டிக்கு 50,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். போட்டெல்லாம் கடலுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது, வண்டி வரவில்லை. வாடகை வண்டிக்குக் கொடுத்து மாளவில்லை. தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்கிறார் ஷோரூம் மேனேஜர். (பாம்பன் வாசகர்)

பதில்: பாதியைச் சொல்லிவிட்டு மீதியை முழுங்கியிருக்கிறார். வியாபாரத்துக்கு வாங்குகிறவர் 2019-ஆம் ஆண்டு சட்டப்படி நுகர்வோர் இல்லைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை அந்தச் சட்டம் தள்ளிவைக்கவில்லை. ஒற்றை வண்டியை நீங்களே ஓட்டி மீன் ஏற்றுகிறீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம்.

புக்கிங் படிவத்தில் தேதி எழுதியிருக்கிறதா? இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அவர்கள் சொன்ன தேதியை அழிக்காமல் வையுங்கள். ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்ட் அனுப்புங்கள். வாடகை வண்டிக்காரரிடம் தினமும் ஒரு துண்டுச்சீட்டாவது வாங்குங்கள், நஷ்டஈடு கேட்கும்போது அது இல்லாமல் நடக்காது. அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்புறம் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: ஆனியிலேயே வண்டி வந்துவிட்டது என்று நாலு தடவை கூப்பிட்டார்கள். ஆடி பிறக்கப்போகிறதே, ஆவணியில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். இப்போது வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கேஸ் போடலாமா? (தேவிபட்டினம் வாசகர்)

பதில்: யார் மேல்? தாமதம் செய்தது நீங்கள்.

கேள்வி: கார் ஃபேக்டரியிலிருந்து கிளம்பிவிட்டது என்று சொல்லி லோனை ரிலீஸ் செய்ய வைத்தார்கள். இரண்டு இ.எம்.ஐ. போய்விட்டது, காரைக் காணோம். (உச்சிப்புளி வாசகி)

பதில்: மாதத்துக்கு ஒரு கடிதமாவது இப்படி வருகிறது, ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது. பேங்க் பணம் ஷோரூம் கணக்குக்குப் போன நாளிலிருந்து வட்டி உங்கள் தலையில். அவர்கள் உங்கள் காசை வைத்துப் புரட்டுவார்கள், நீங்கள் ‘அடுத்த வாரம்’ என்பதைக் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள்.

கிளம்பிய கார் என்றால் அதற்குச் சேஸிஸ் நம்பர் இருந்தாக வேண்டும். எழுத்தும் எண்ணுமாக 17 இடம், ஃபேக்டரியிலேயே பொறித்துவிடுவார்கள். அதைச் சொல்லாமல் மழுப்பினால் உங்களுக்கென்று ஒதுக்கிய கார் எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம்பரை வாங்கி, ஷோரூமுக்கு வந்த காரில் குனிந்து அதே நம்பரைப் படித்துப் பார்த்த பிறகுதான் முழுப்பணம். சொந்தக் காசோ லோனோ, எதுவானாலும் இதே வரிசைதான். தங்கத்தை உரசிப் பார்க்காமல் வாங்காத நம் ஜனம், பத்து லட்சத்தைப் போன் பேச்சை நம்பிக் கொடுக்கிறதே அம்மா!

சரி, இப்போது செய்ய வேண்டியது: சேஸிஸ் நம்பர் கேட்டு இன்றே மெயில் போடுங்கள். தராவிட்டால் பணத்தை லோன் கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள், இதுவரை போன வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். பேங்குக்கும் ஒரு நகல்.

கேள்வி: புக்கிங் அன்று சொன்னதைவிட 18,000 ரூபாய் கூடக் கேட்கிறார்கள். (தொண்டி வாசகர்)

பதில்: படிவத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘டெலிவரி நாளின் விலை’ என்று இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும். அவர்கள் எழுதிக் கொடுத்த டெலிவரி தேதி தாண்டிய பிறகு ஏறிய விலை என்றால் மட்டும் சண்டை போடுங்கள்.

கேள்வி: கேட்ட நீல நிற ஸ்கூட்டர் வர மூன்று மாதமாம். வெள்ளை ரெடி, 2,000 ரூபாய் தள்ளுபடி என்கிறார்கள். எடுக்கலாமா? (மண்டபம் வாசகர்)

பதில்: நானும் காத்திருந்து அலுத்துப்போய் இப்படி ஒரு வெள்ளையை எடுத்தவன்தான். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது பார்த்தால், சைலன்சர் போல்ட்டைச் சுற்றிக் கேழ்வரகு மாவு அப்பின மாதிரி துரு. நகத்தால் சுரண்டினால் கொட்டியது. கடலோர யார்டில் உப்புக்காற்று குடித்துக்கொண்டு மாதக்கணக்கில் நின்றிருக்கிறது. அப்புறம் படிவம் 22-ஐ, அதாவது வண்டியோடு கம்பெனி தரும் சான்றிதழைப் பிரித்தேன். தயாரித்த வருடம், போன வருடம்! விற்கப்போனபோது அந்த ஒரு வருடத்துக்கும் சேர்த்தே விலையைக் குறைத்தார்கள்.

படிவம் 22-ஐ முதலில் கேளுங்கள். டார்ச் எடுத்துக்கொண்டு போய் வண்டிக்கு அடியில் பாருங்கள். துரு இருந்தால் நீலத்துக்கே காத்திருங்கள். துரு இல்லாமல் வருடம் மட்டும் பழசு என்றால், 2,000-க்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.