தோட்டத்தில் துரை பங்களா ஏன் மேட்டிலேயே இருந்தது?

துரை பங்களா என்பது ரப்பர் தோட்ட மேலாளரின் வீடு. மலேசியாவில் சுங்கை சிப்புட் ஆகட்டும், கோலசிலாங்கூர் ஆகட்டும், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா பெரும்பாலும் மேட்டில்தான் நிற்கும்.

முதல் காரணம் உடம்பு. பள்ளத்தில் தண்ணீர் தேங்கும், கொசு பெருகும், மலேரியா வரும். கொசுதான் காரணம் என்று ரொனால்டு ராஸ் 1897-ல் காட்டுவதற்கு முன்பே, தாழ்ந்த இடத்துக் காற்று ஆகாது என்று அவர்கள் நம்பினார்கள். உயரமான தூண்களும் அகன்ற வராந்தாவும் காற்றோட்டத்துக்காக.

அடுத்தது பார்வை. திண்ணையில் தாத்தா உட்கார்ந்திருந்தால் அவர் கண்ணில் படாமல் வெளியே போக முடியாது இல்லையா? அதே மாதிரிதான். கீழே தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், ரப்பர் பால் சேர்க்கும் கொட்டகை. இருட்டோடு பிரட்டுக்கு வந்து நிற்பவர்கள் நிமிர்ந்தால் மேலே பங்களா தெரியும். அங்கே ஒருவருக்கு அத்தனை அறைகள். லயத்தில் ஓர் அறைக்குள் ஒரு குடும்பமே புழங்கியது. பங்களாவைப் படம் எடுத்துப் போற்றுகிறவர்கள் அந்த லயத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும் என்பது என் எண்ணம்.

அப்புறம், துரைதான் தோட்டத்து முதலாளி என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனித் தோட்டங்களில் அவரும் சம்பளக்காரர்தான். உதாரணத்துக்கு, பெரிய தோட்டக் கம்பெனியான கத்ரியின் (Guthrie) பங்குகள் லண்டன் பங்குச் சந்தையில் இருந்தன, 1981-ல் மலேசியா அவற்றை அங்கேதான் வாங்கியது.