ஆம்புலன்ஸ் வேலை பெண்பிள்ளைக்கு ஆகுமா?

அண்ணாச்சி, மகள் நர்சிங் வேண்டாம், விபத்து அவசர சிகிச்சைப் படிப்புதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள் என்றீர்கள். ரத்தமும் ராத்திரி வேலையும் பெண்பிள்ளைக்கு ஆகுமா என்றும் கேட்டீர்கள். தாராளமாக ஆகும். நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பேச்சிப்பாறைப் பக்கம் ஒருவர் தென்னையிலிருந்து விழுகிறார். நாலு பேர் ஓடிவந்து கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து ஆசாரிபள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு விரட்டுவார்கள். நல்ல மனசுதான். ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே தண்டுவடம் அடிபட்டு, ஆயுசுக்கும் கால் விளங்காமல் போகலாம். இதற்கென்று படித்தவள் வந்தால் பீறிடும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துவாள். கழுத்து அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு மூச்சைப் பார்ப்பாள், கழுத்துக்குப் பட்டை (காலர்) போடுவாள். தலை, தோள், இடுப்பு எல்லாம் சேர்ந்தாற்போல் திரும்பும்படி ஆட்களை நிற்கவைத்துப் புரட்டி, பலகையில் ஏற்றுவாள். பெரிய டாக்டர் கையில் போய்ச் சேரும்வரை ஒருவரைக் காப்பாற்றுவது இதுதான். மலையோர ஊர்களில் இதற்குத் தேர்ந்த கை இன்னும் நிறைய வேண்டும். அதனால்தான் உங்கள் மகளைத் தடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இனி படிப்பு. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம்: மூன்று வருடம் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். நர்சிங்குக்கும் இதற்கும் ஒரே விண்ணப்பம் என்பதால் இரண்டையுமே கையில் வைத்துக்கொள்ளலாம்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். கிடைக்காவிட்டால், லட்சக்கணக்கில் கட்டித் தனியாரில் இதைப் படிக்க வைப்பதைவிட நர்சிங்கே மேல். நர்சிங் முடித்தவர்களையும் 108 ஆம்புலன்ஸில் எடுக்கிறார்கள், வெளிநாட்டு வழியும் அதில்தான் அகலம். 'வேலை நிச்சயம்' என்று போர்டு வைத்து ஆறு மாத டிப்ளமோ விற்கும் இடங்களின் வாசலைக்கூட மிதிக்காதீர்கள்.

108 அரசு வேலை இல்லை, அண்ணாச்சி. 2008 முதல் அரசுக்காக ஒரு நிறுவனம் நடத்துகிறது. 12 மணி நேர ஷிப்ட், சம்பளமும் சுமார்தான். இதை மகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் ஆம்புலன்ஸ் ஒன்றுதான் வழி என்றில்லை. 2021-ல் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்புவரை அரசே ஏற்கிறது. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளும் இப்போது விபத்து கேஸ் எடுக்கின்றன. அங்கெல்லாம் கேஷுவாலிட்டியில் பழகிய ஆள் வேண்டும்.

சரி, இப்போதே சாதிச் சான்றிதழை எடுத்து வையுங்கள். மகள் நடுவில் கேரளாவில் பாறசாலைப் பக்கம் படித்திருந்தால் இருப்பிடச் சான்றும் கேட்பார்கள். அதற்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.