மஞ்சப்பையும் ஏப்ரல் 30-உம்

குலசேகரத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, செப்டம்பர் 9-ஆம் தேதி பிஆரில் (நிரந்தர வசிப்புரிமையில்) குடும்பத்தோட டொராண்டோவில் வந்து இறங்கினோம். அக்டோபர் கடைசியிலதான் எனக்கு வேலை கிடைச்சது. ரெண்டு மாசச் சம்பளத்துக்கு வரித் தாக்கல் செய்யணுமா? என்னென்ன எடுத்து வைக்கணும்? ஏப்ரல்ல பார்த்துக்கிட்டா போதாதா?" ஊரில் வீடு வாடகைக்குக் கிடக்கிறதாம். தன் பேரில் கொஞ்சம் ரப்பர் தோட்டம், பேங்கில் ஒரு டெபாசிட். மனைவிக்கு இன்னும் வேலை இல்லை. ஒரு குழந்தை.

தம்பி, தாக்கல் செய்யணும். நீங்க மட்டுமில்ல, வருமானமே இல்லாத உங்க மனைவியும் செய்யணும். ஏப்ரல் வரைக்கும் வைத்திருக்காதீங்க. காரணம் டொராண்டோவில் இல்லை, ஊரில் இருக்கிறது.

இதை நான் தக்கலையில் அம்மா வீட்டுத் திண்ணையில் இருந்துதான் எழுதுகிறேன். லீவுக்கு வந்தவன் மூன்று நாளாக ஒரு மஞ்சப்பையைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "எதுக்கு மக்கா இந்தக் கடலாசு எல்லாம்? உன் மாமன் இருபது வருசம் சவூதியில இருந்தான், ஒரு நாள் இப்படி உட்காந்தது இல்லையே" என்கிறாள் அம்மா. அவள் சொல்வதும் சரிதான். நம்ம குமரி மாவட்டத்தில் பாதிப் பேருக்கு வெளிநாடு என்றால் வளைகுடா. அங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. அதனால் ஊரில் இதைச் சொல்லித்தர ஆள் இல்லை. நானும் யாரிடமும் கேட்காமல் போய்த்தான் மாட்டினேன்.

2011 அக்டோபரில் கனடா போனேன். டிசம்பர் வரை ஒரு குடோனில் பெட்டி தூக்கியதில் வந்தது சொற்பம். கூட வேலை பார்த்த ஒருத்தர், "இவ்வளவு கம்மிக்கு எவன் கேக்கப் போறான், அடுத்த வருசம் போடு" என்றார். நான் போடவில்லை. வீட்டுக்காரியும் போடவில்லை. அடுத்த ஜூலையில் குழந்தைக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுபோனது. அந்தத் தொகைக்குக் கணக்கு ஜூலையில் இருந்து அடுத்த ஜூன் வரை. முந்தைய வருடத்து ரிட்டர்னை வைத்துத்தான் ஓடும். கணவன் மனைவி இருவருடையதும் போயிருக்க வேண்டும். பிறகு தாக்கல் செய்து மொத்தமாக வாங்கிவிட்டோம், ஆனால் நடுவில் நாலு மாசம் நாங்க குடியிருந்த பேஸ்மென்ட் (தரைக்குக் கீழே உள்ள வீடு) வாடகைக்குக் கடன்.

சரி, காகிதத்துக்கு வருவோம். கனடாப் பக்கத்துக் காகிதம் பெரும்பாலும் தானாக வரும். வருடச் சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் டி4 ஸ்லிப்பைக் கம்பெனி பிப்ரவரி கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். பேங்க் வட்டிக்கு டி5. உங்க மனைவி காலேஜில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்துக்கு டி2202. வேலை மாறினாலோ வீடு மாறினாலோ பழைய இடத்தில் புது முகவரியைச் சொல்லிவிடுங்க. எனக்கு ஒரு ஏஜென்சி அனுப்பிய டி4 பழைய பேஸ்மென்ட்டுக்குப் போய்விட்டது. அதை விட்டுவிட்டுத் தாக்கல் செய்தேன். மறு வருடம் வட்டியோடு கடிதம் வந்தது. வரித்துறையின் இணையக் கணக்கில் இந்த ஸ்லிப்பெல்லாம் தெரியும்தான். ஆனால் முதல் ரிட்டர்ன் மதிப்பீடு ஆகி முடிந்த பிறகுதான் அது உங்க கைக்கு வரும். முதல் வருடம் நீங்களேதான் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தானாக வராத ஒன்று வாடகை ரசீது. டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் கொடுத்த வாடகையைக் காட்டினால், வருமானத்தைப் பொறுத்து ட்ரில்லியம் என்ற உதவித்தொகை கிடைக்கும். பேஸ்மென்ட்காரர்கள் ரொக்கமாக வாங்கிக்கொண்டு ரசீது என்றதும் முகத்தைத் திருப்புவார்கள். இ-டிரான்ஸ்ஃபரில் கொடுங்க, எந்த மாசத்து வாடகை என்று குறிப்பில் எழுதுங்க.

இனி ஊர்க் காகிதம். சிக்கலே இங்கேதான். நம்ம வரி வருடம் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். அங்கே ஜனவரி 1 முதல் டிசம்பர் 31. உங்களுக்கு அதிலும் செப்டம்பர் 9 என்று நடுவே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு முன்னால் ஊரில் சம்பாதித்ததற்குக் கனடாவில் வரி இல்லை, ஆனால் உதவித்தொகை கணக்கிட அந்தத் தொகையைக் கேட்பார்கள். பழைய கம்பெனி தரும் வருடச் சம்பள வரிச் சான்றிதழ் (படிவம் 16) இதற்கு ஒத்துவராது, அது மார்ச்சில் வெட்டுகிறது. ஜனவரியில் இருந்து கடைசி மாசம் வரை சம்பளச் சீட்டுகளை எடுத்து வையுங்க. கம்பெனி மெயில் ஐடியை மூடிவிட்டால் எடுக்க முடியாது, இன்றைக்கே எடுங்க.

கோட்டுக்குப் பிறகு உலகத்தில் எங்கே வருமானம் வந்தாலும் கனடாவில் காட்ட வேண்டும். வீட்டு வாடகை, டெபாசிட் வட்டி, ரப்பர் எல்லாம். "விவசாய வருமானத்துக்கு இந்தியாவில் வரி கிடையாதே" என்பீங்க. இந்தியாவில் கிடையாது, அங்கே உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊர் பேங்கில் வைக்கும் என்ஆர்இ கணக்கு வட்டியும் அப்படித்தான்.

பேங்கில் வட்டிச் சான்றிதழ் கேட்டால் ஏப்ரல் முதல் மார்ச் வரைக்குத்தான் அடித்துத் தருவார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. செப்டம்பர் 9 முதல் டிசம்பர் 31 வரை ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று தேதி போட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க. டெபாசிட் முதிரும்போது மொத்தமாகக் காட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீங்க, வருடா வருடம் சேர்கிற வட்டியைக் காட்ட வேண்டும். சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருக்கிறவர்களின் ஊர் வருமானத்துக்கான கணக்கு) ஆக்கிவிட்டீங்களா? ஆக்கினால் வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிப்பார்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி வட்டிக்கு 15 சதவீதம்தான். கனடாவும் தன் வரியில் அந்த 15 வரைக்குத்தான் கழித்துத் தரும். மிச்சத்தை இந்தியாவில் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்க வேண்டும். அதற்குக் கனடா வரித்துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி வையுங்க.

ரப்பருக்குச் சான்றிதழ் தர யாரும் இல்லை. என் அப்பா இருந்தவரை ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதுவார்: இத்தனை ஷீட்டு, இத்தனை கிலோ ஒட்டுப்பால், அன்றைய விலை, பால் வெட்டுகிறவனுக்குக் கொடுத்தது. பக்கமெல்லாம் அவர் கட்டைவிரல் கறுப்பு. கடைக்காரர் தரும் துண்டுச் சீட்டைத் தேதிவாரியாகப் பின்னால் ஒட்டி வைப்பார். எனக்கு வரிக்கணக்கில் மிகவும் உதவியது அந்த நோட்டுதான். உங்க அப்பாவிடமும் உங்க பங்குக்குத் தனி நோட்டு போடச் சொல்லுங்க. மழைக்காலத்தில் வெட்டு நின்ற நாளையும் குறிக்கட்டும். உரம், ஆசிட் வாங்கிய பில்லும் உள்ளே இருக்கட்டும். ரூபாயை டாலராக்க அங்குள்ள மத்திய வங்கி வெளியிடும் வருடச் சராசரி விலை போதும்.

இன்னொன்று, இதைப் பலர் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நீங்க இறங்கிய அன்று ஊர்ச் சொத்து என்ன விலை பெறுமோ, அந்த விலைக்கு அன்றைக்குத்தான் வாங்கியதாகக் கனடா எடுத்துக்கொள்ளும். பின்னால் விற்றால் லாபம் அதிலிருந்துதான் கணக்கு. பத்திரத்து விலையையோ அரசு வழிகாட்டி மதிப்பையோ காட்டினால் லாபம் வீணாகப் பெருக்கும். சென்டுக்கு என்ன விலை என்று பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் செப்டம்பர் தேதிக்கு எழுதி வாங்குங்க. இந்த வெளிநாட்டுச் சொத்து மொத்தமாக 1,00,000 கனேடிய டாலரைத் தாண்டினால் டி1135 என்று தனிப் படிவம் உண்டு. முதல் வருடம் அது உங்களுக்கு வேண்டாம். இரண்டாம் வருடம் மறந்தால் நாளுக்கு 25 டாலர், 2,500 வரை போகும்.

செல்லாத காகிதமும் உண்டு. கோயில் கொடைக்கு எழுதிய ரசீது, சர்ச் திருவிழா ரசீது எதுவும் அங்கே நன்கொடைக் கழிவுக்கு ஆகாது. நாகர்கோவிலில் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால் அது ஆகும், மருத்துவச் செலவு ஒரு அளவைத் தாண்டினால். ஆனால் டாக்டர் மருந்துச் சீட்டில் கிறுக்கித் தருவதை வாங்காமல் பெயர், தேதி, தொகையோடு பில் கேளுங்க.

கடைசி நாள் ஏப்ரல் 30. கட்ட வேண்டியது இருந்து பிந்தினால் பாக்கியில் 5 சதவீதம், பிறகு ஒவ்வொரு முழு மாசத்துக்கும் 1 சதவீதம் வீதம் 12 மாசம் வரை அபராதம். உங்க ரிட்டர்ன் சின்னதுதான். மார்ச்சில் தன்னார்வலர்கள் நடத்தும் இலவச வரி முகாமில் முதல் தடவை போடலாம். ஆனால் வாடகை, ரப்பர் வருமானம் இருக்கிறவர்களை அங்கே எடுப்பது சந்தேகம், முதலில் கேட்டுப் பாருங்க. எடுக்காவிட்டால் இந்தியக் கணக்கும் தெரிந்த ஒருவருக்குக் கொஞ்சம் பைசா கொடுங்க. போட்ட பிறகும் காகிதத்தை ஆறு வருடம் வைத்திருக்கணும்.

நான் 22-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறேன். ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், மதிப்பீட்டுக் கடிதம் மூன்றையும் உங்க அப்பா ஒரு கவரில் போட்டு 20-க்குள் தக்கலையில் கொண்டு தந்தால் வாங்கி வருகிறேன். கவர் மட்டும். கருவாட்டுப் பொட்டலம் வைத்தால் வாங்க மாட்டேன் என்று இப்பவே சொல்லிவிடுங்க, போன முறை ஒருத்தர் வீட்டில் கவருக்கு அடியில் நாலு கிலோ நெத்திலி இருந்தது.