வீட்டில் பொருளையும் கையில் செலவையும் குறைக்க எங்கிருந்து தொடங்குவது?

புதுச்சேரியில் சின்ன வாடகை வீடு, பீரோ மூட முடியவில்லை, மாதக் கடைசியில் காசும் நிற்பதில்லை என்கிறீர்கள்.

தூக்கிப் போடுவதில் தொடங்காதீர்கள். முதலில் உள்ளே வருவதை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சந்தைக்குச் சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனால் சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் டப்பா என்று பை நிறைந்துவிடும். மலிவாக இருப்பதுதான் அங்கே வம்பே. வேண்டியதைச் சீட்டில் எழுதி, அதற்கான பணத்தை மட்டும் கொண்டுபோங்கள். ஜிபே உள்ள போன் வீட்டிலேயே கிடக்கட்டும்.

ஆனால் பெரிய ஓட்டை தவணையில்தான். கிரெடிட் கார்டில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, அதாவது வட்டியில்லாத மாதத் தவணை என்பார்கள். வட்டிக்கு ஈடாகத் தள்ளுபடி கிடைக்கும், சரி. அந்த வட்டியின் மேல் விழும் 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். பல வங்கிகள் தனியாக ஒரு கட்டணமும் போடும். மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கடையில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அப்புறம் பழசு. பித்தளை, எவர்சில்வர் எடைக்குப் போகும். பரணில் இருக்கும் டிவி அட்டைப்பெட்டி எதற்கு? கடற்கரை ஊரின் ஈரத்தில் அது பூச்சிக்குத்தான் வீடு. வாரண்டிக்குப் பில் இருந்தால் போதும். அம்மாவின் பட்டுப்புடவையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.