530 கிலோமீட்டருக்கு 1 மணி 40 நிமிடமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. திருச்செந்தூர் போக வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சென்னையிலிருந்து தூத்துக்குடி வான்வழியில் சுமார் 530 கி.மீ. என்கிறார்கள். மணிக்கு 800 கி.மீ. போகிற விமானம் 40 நிமிடத்தில் இறங்கிவிட வேண்டாமா? டிக்கெட்டில் 1 மணி 40 நிமிடம் என்று போட்டிருக்கிறதே? பேசாமல் ரயிலிலேயே போய்விடலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: தூரம் சரிதான், அந்த 800 தான் இடிக்கிறது. அது ஜெட் விமானத்தின் வேகம். தூத்துக்குடிக்குப் பல வருஷமாகப் போய்வருவது ஏடிஆர் 72, இரண்டு இறக்கையிலும் விசிறி சுற்றுமே, அது. முழு வேகத்தில் போனாலே மணிக்கு 500 கி.மீ. சொச்சம்தான். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைக்குளத்தில் ஓடுபாதை முன்பு வெறும் 1,350 மீட்டர், பெரிய ஜெட் இறங்க அது போதாது. இப்போது 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புது முனையமும் திறந்துவிட்டார்கள்.

சரி, 500 என்றே வைத்தாலும் ஒரு மணி நேரம்தானே ஆகிறது, மிச்சம் 40 நிமிடம் எங்கே போனது என்று கேட்பீர்கள். டிக்கெட்டில் இருப்பது வானத்தில் பறக்கிற நேரம் மட்டும் இல்லை. மீனம்பாக்கத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, அங்கே இறங்கி நின்று மறுபடி கட்டை வைக்கிற நிமிடம் வரைக்கும் கணக்கு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முன்னால் நிற்கிற விமானங்கள் கிளம்பக் காத்திருப்பது, மேலே ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது, நேர்கோட்டில் போகாமல் குறித்த வான்பாதையில் வளைந்து போவது எல்லாம் அதில் அடக்கம்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது, ஆனால் அம்மாவோடும் பெட்டியோடும் படி ஏறி இறங்குவதற்கு ஆட்டோவே மேல். அரை மணி நேரம். புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள், கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அப்புறம் பறக்கிற 1.40, பெட்டி வர அரை மணி, வாகைக்குளத்திலிருந்து காரில் திருச்செந்தூருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆகமொத்தம் ஆறு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். ரயில் என்றால் ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும். கீழ் பெர்த் கிடைத்தாலும் 72 வயதில் நடுராத்திரி ஆடுகிற ரயிலில் கழிப்பறைக்கு எழுந்து போவது சாதாரண விஷயமில்லை. அம்மாவுக்காக விமானத்திலேயே போங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒன்று மட்டும் கவனம். ஏடிஆரில் வால் பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். நாலைந்து படிதான், ஆனால் குறுகலானவை. முட்டி வலி இருந்தால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். இருக்கை இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நடு சீட் தொல்லை இல்லை. இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே நன்றாகத் தெரியும், ஜன்னலோரம் அம்மாவுக்குக் கொடுங்கள்.

கேள்வி: போகிற நேரமும் திரும்புகிற நேரமும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: காற்றுதான் முதல் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிற மாதங்களில் தெற்கே போகும்போது அது எதிர்க்கும், சென்னை திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளும். ஆனால் சென்னை வானத்தில் நெரிசல் இருந்தால் இறங்க முறை வரும்வரை வட்டமடிக்க வேண்டியிருக்கும், மிச்சம் பிடித்த நிமிடமெல்லாம் அதிலேயே போய்விடும்.