ப்ராக்ஸி தாண்டினா ஹெடர் காணோமா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எங்க மொபைல் ஆப் 'யூசர்_டோக்கன்'னு ஒரு ஹெடர் (ரிக்வெஸ்டோட போற தகவல் வரி) அனுப்புது. பேக்கெண்டை (பின்னாடி ஓடற எங்க சர்வரை) நேரா அடிச்சா வருது, நடுவுல ரிக்வெஸ்டை வாங்கிக் கடத்திவிடற ப்ராக்ஸியா என்ஜின்எக்ஸ் வெச்சா காணோம். எரர் லாக்லயும் ஒண்ணுமே இல்ல.

பதில்: பேர்ல இருக்கிற அந்த அடிக்கோடுதான் காரணம். அண்டர்ஸ்கோர் உள்ள ஹெடரை என்ஜின்எக்ஸ் செல்லாததுன்னு தூக்கிப் போட்டுடும். அதை 'இன்ஃபோ' லெவல்லதான் லாக்ல எழுதும். லாக் வழக்கமா 'எரர்' லெவல்ல இருக்கிறதால உங்க கண்ல படல.

வீம்புக்குச் செய்யல. சிஜிஐ (வெப் சர்வர் ப்ரோக்ராமை ஓட்டற பழைய முறை) காலத்துலேர்ந்தே ஹெடர் பேர்ல வர்ற ஹைஃபன் அண்டர்ஸ்கோரா மாறித்தான் அப்ளிகேஷனுக்குப் போகும். அப்ப 'யூசர்-டோக்கன்', 'யூசர்_டோக்கன்' ரெண்டும் ஒரே வேரியபிள். நீங்க ஒண்ணை வடிகட்டினா இன்னொண்ணு வழியா ஒருத்தன் உள்ள வந்துடலாம். என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல 'அண்டர்ஸ்கோர்ஸ்_இன்_ஹெடர்ஸ் ஆன்' போட்டா வேலை நடக்கும். ஆனா நானா இருந்தா ஆப்ல பேரையே ஹைஃபனுக்கு மாத்திடுவேன்.

கேள்வி: என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்ல சர்வர் பிளாக்ல ஹோஸ்ட், எக்ஸ்-ரியல்-ஐபி ஹெடரெல்லாம் பேக்கெண்டுக்குப் போக 'பிராக்ஸி_செட்_ஹெடர்' போட்டு வெச்சிருந்தேன். அதுக்குள்ள ஒரு லொகேஷன்ல (ஒரு யூஆர்எல் பாதைக்கான பகுதியில) புதுசா ஒண்ணு சேர்த்ததும் பழசெல்லாம் போச்சு!

பதில்: எல்லாரும் ஒரு தடவை விழற குழிதான். லொகேஷனுக்குள்ள ஒரே ஒரு 'பிராக்ஸி_செட்_ஹெடர்' எழுதினாலும் மேல இருக்கிற எதுவும் கீழ இறங்காது. ஹோஸ்டும் பழையபடி பிராக்ஸி_பாஸ்ல (எந்த பேக்கெண்டுக்கு அனுப்பணும்னு சொல்ற வரியில) எழுதின பேருக்கே போயிடும். எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல வெச்சு, வேணுங்கிற லொகேஷன்ல 'இன்க்ளூட்' பண்ணுங்க.

கேள்வி: சார், எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்ல (ரிக்வெஸ்ட் வந்த வழியில இருக்கிற ஐபிகளை வரிசையா சொல்ற ஹெடர்ல) முதல்ல இருக்கிற ஐபியை எடுத்து ஆளை பிளாக் பண்றோம். சரிதானே?

பதில்: சரியில்லைங்க. அந்த முதல் ஐபியை யார் வேணா கர்ல்ல (கமாண்ட் லைன்லேர்ந்து ரிக்வெஸ்ட் அனுப்பற டூல்ல) எழுதி அனுப்பலாம். உங்க ப்ராக்ஸி தான் பார்த்த ஐபியைக் கடைசியிலதான் ஒட்டும். வலது பக்கத்துலேர்ந்து உங்க சொந்த ப்ராக்ஸிகளைக் கழிச்சுக்கிட்டே வாங்க; அடுத்து வர்றதுதான் நம்பத்தக்கது.

கேள்வி: வெப்சாக்கெட்டுக்கு (ரெண்டு பக்கமும் பேசிக்க திறந்தே இருக்கிற இணைப்புக்கு) மாறிட்டோம்னு சொல்ற 101 பதில் ப்ராக்ஸி வழியா வர மாட்டேங்குது.

பதில்: 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' ரெண்டும் ப்ராக்ஸியோட நின்னுடற ஹெடர்கள். கையால எழுதி அனுப்பணும், கூடவே பிராக்ஸி_எச்டிடிபி_வெர்ஷன் 1.1 போடணும்.

கேள்வி: பேக்கெண்டுக்கு நிஜமா என்ன போகுதுன்னு எப்படிண்ணா பார்க்கிறது?

பதில்: இதைத்தான் முதல்லயே கேட்டிருக்கணும்! 9000 போர்ட்ல நெட்கேட்டை (வர்றதை அப்படியே காட்டற சின்ன டூலை) கேட்க விட்டுட்டு, பிராக்ஸி_பாஸை அங்க திருப்புங்க. ஒரு ரிக்வெஸ்ட் அடிச்சா ஹெடர் ஒவ்வொண்ணும் வரிவரியா டெர்மினல்ல வந்து விழும். பிரவுசர் 60 விநாடி சுத்திட்டு 504 (பேக்கெண்ட் நேரத்துக்குப் பதில் தரலைங்கிற எரர்) காட்டும், பயப்படாதீங்க. நெட்கேட்டுக்குப் பதில் சொல்லத் தெரியாது.