கையெழுத்திட்ட புத்தகத்தைப் பரிசாக வைத்தால் அதற்கு என்ன மதிப்பு?

கேள்வி இதுதான்: வாசகர்களுக்கான பரிசுக் குலுக்கலில் எழுத்தாளர் கையெழுத்திட்ட புத்தகத்தை வைக்கப் போகிறீர்கள், சாதாரணப் பிரதியைவிட அதற்கு எவ்வளவு மதிப்பு கூட்டிச் சொல்லலாம்? எங்கள் வாசிப்புக் குழுவில் நான்கைந்து முறை இப்படிப் பரிசு கொடுத்திருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

பணக் கணக்கில் பெரும்பாலும் ஒன்றும் கூடாது. போகிற கூட்டத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் எழுத்தாளர் என்றால், அட்டையில் இருக்கும் விலையையே மதிப்பாகப் போடுங்கள். சேகரிப்பவர்கள் கையெழுத்தை மட்டும் பார்த்து விலை சொல்வதில்லை. முதல் பதிப்பின் முதல் அச்சா, மேலுறை கிழியாமல் இருக்கிறதா, எழுத்தாளர் இப்போது உயிரோடு இருக்கிறாரா, கையெழுத்துப் போடவே தயங்குபவரா என்று பலதும் சேர்ந்துதான் விலை ஏறும்.

பரிசு என்று வரும்போது கணக்கே மாறிவிடுகிறது. சேகரிப்பவர்களில் பலர் வெறும் கையெழுத்து மட்டும் இருக்கும் பிரதியைத்தான் தேடுவார்கள். ‘அன்புள்ள இன்னாருக்கு’ என்று முன்பின் தெரியாத ஒருவர் பெயர் இருந்தால் திரும்ப விற்பது கொஞ்சம் சிரமம். (அந்த இன்னார் இன்னொரு பெரிய எழுத்தாளராக இருந்துவிட்டால் விலை எங்கேயோ போய்விடும், அது தனிக் கதை.) ஆனால் பரிசு வாங்குகிறவர் விற்கப் போவதில்லையே. தன் பெயர் எழுதிய பிரதியை அவர் எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க முடியாது.

முதல் தடவை நாங்கள் கையெழுத்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டுக் குலுக்கினோம். வென்றவர்கள் நன்றி சொன்னார்கள், அவ்வளவுதான். அடுத்த முறை முதலில் குலுக்கிவிட்டு, வந்த பெயரோடு எழுத்தாளரிடம் போனோம். அவர் பேனா மூடியைத் திறந்துகொண்டு, “அவங்க பேருக்குச் சின்ன ல-வா, குண்டு ள-வா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கே போன் போட்டோம். எழுத்தாளர் போனை வாங்கி, கதையில் யாரைப் பிடித்தது என்று கேட்டார். அவர் சொன்ன பாத்திரத்தையும் சேர்த்து இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். புத்தகம் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மா ஒரு படம் அனுப்பினார். அட்டையைக் காணோம், அந்தப் பக்கம் மட்டும்தான். ‘ள’-வின் வளைவில் மை லேசாகப் பரவியிருந்தது. பெயரை யாராவது சரியாக எழுதுவதே அபூர்வம் என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் பிரதிக்கு என்ன விலை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கூப்பன் மாதிரி எதையாவது அறிவித்தால் எங்கிருந்தோ கூட்டம் வந்து பெயர் கொடுக்கும், குலுக்கல் முடிந்ததும் கலைந்துவிடும். கையெழுத்திட்ட புத்தகத்துக்கு வருகிறவர்கள் குறைவு. ஆனால் வருகிறவர்கள் அந்த எழுத்தாளரைப் படித்தவர்கள். அந்த எழுத்தாளரையே கேள்விப்படாதவருக்கு அது கிறுக்கிய புத்தகம்தான், அதனால் யாருக்காக நடத்துகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அப்புறம், என்ன மாதிரிக் கையெழுத்து என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எழுத்தாளர் புத்தகத்தின் மேலேயே போட்டதா, ஒட்டுச்சீட்டில் போட்டு ஒட்டியதா, தனித் தாளில் போட்டதைப் பதிப்பகம் பிறகு புத்தகத்தோடு சேர்த்துக் கட்டியதா? மூன்றும் உண்மையான கையெழுத்துதான், ஆனாலும் வாங்குகிறவர் மனதில் மூன்றும் ஒன்றல்ல. அச்சில் வந்த கையெழுத்தை அசல் என்று சொல்லிவிட்டால் பெயரே கெட்டுவிடும். 2022-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தகத்தில் அவரே கையால் கையெழுத்திட்ட 900 பிரதிகள் என்று, ஒன்று 599 டாலருக்கு விற்றார்கள், கூடவே உறுதிக் கடிதமும் கொடுத்தார்கள். வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இயந்திரம் போட்ட கையெழுத்து என்று வெளிவந்துவிட்டது. பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது, டிலனும் மன்னிப்புக் கேட்டார். புத்தகம் அதே புத்தகம்தான், ஆனால் அவர் கை அந்தத் தாளில் படவில்லை என்றதும் வாங்கியவர்களுக்கு மனசு விட்டுப்போனது.

முடிந்தால் வென்றவர் எழுத்தாளரைப் படித்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெயரை அவரையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஒரு சிலருக்கு வெறும் கையெழுத்து போதும் என்றிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளலாம். கையெழுத்து தலைப்புப் பக்கத்தில் இருக்கட்டும். வழவழப்பான தாள் என்றால் மை காய நேரம் எடுக்கும், அவசரப்பட்டு மூடினால் எதிர்ப் பக்கத்தில் அச்சு விழுந்துவிடும். நடுவில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து அனுப்புங்கள்.